இடது தோளில் விளிம்பி

நஞ்சம்மாளின் புருஷன் வெள்ளிங்கிரி அந்த வருஷத்துத் தேனை எடுத்துக்கொண்டு கருந்தலைப் பாறையின் உச்சிக்கு ஏறி வந்தபோது அவனுடைய இடது தோளில் ஒரு விளிம்பிப்பூ வேர்பிடித்து நின்றிருந்தது; இரண்டு இலை, ஒரு காம்பு, காம்பின் நுனியில் ஆரத்தித் தண்ணீரின் நிறத்தில் ஒற்றைப் பூ, எல்லாம் பாறையில் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. மேலே நின்றவர்கள் முதலில் தேன் டின்னைத்தான் கைநீட்டி வாங்கினார்கள், ஏனென்றால் டின் கனமாக இருந்தது, பூ கனமாக இல்லை. டின்னைக் கீழே வைத்து, மேலே மொய்த்த ஈயை ஊதித் தள்ளி, ஆளுக்கு ஒரு விரல் நக்கிப் பார்த்த பிறகுதான் ஒருவர் "வலிக்குதா?" என்று கேட்டார். "கூசுது" என்றான் வெள்ளிங்கிரி.

மேற்கு மலையில், பஸ் போகிற கடைசி ஊர் மேலோடை. அந்த ஊருக்கு ராகி சாப்பாடு, மலைத்தேன் வருமானம், கருந்தலைப் பாறை தெய்வத்துக்குக் கொஞ்சம் கீழே. பாறையின் முகம் செங்குத்தாக இறங்கும் இடத்தில், குரங்கின் கைக்கும் எட்டாத பொந்துகளில் தேனடைகள் தொங்கும். அந்த அடைகளுக்குப் பக்கத்தில், ஒரு வருஷம் ஒன்று, ஒரு வருஷம் இரண்டு, பல வருஷம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி, தன் இஷ்டத்துக்கு விளிம்பி பூக்கும். கயிற்றில் இறங்குகிற ஆண்கள் மட்டுமே அதைப் பார்த்திருக்கிறார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் கையை விரித்துக் காட்டுவார்கள், பிறகு மூடிக்கொள்வார்கள். ஊர்ப் பெண்களுக்கு இதில் எரிச்சல் உண்டு. புருஷன் பார்த்து, தான் பார்க்காத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே கொஞ்சம் உறுத்தும். நஞ்சம்மாளுக்கு நிறையவே உறுத்தியது.

அவள் பிறவியிலேயே அப்படி. கல்யாணமான புதிதில் வெள்ளிங்கிரி டிரான்சிஸ்டரைக் காதோரம் வைத்துக்கொண்டு படுக்கிறான் என்று அதன் பேட்டரியைக் கழற்றி ராகிப் பானைக்குள் புதைத்தவள். அவன் ஒரு செவலைப் பசுவின் கழுத்தைத் தடவியபடி அதிக நேரம் நிற்கிறான் என்று, நல்லபடியாகக் கறந்துகொண்டிருந்த பசுவை வந்த விலைக்கு விற்றவள். ஊர் சிரித்தது, வெள்ளிங்கிரியும் சிரித்தான். தன் பொருட்டு ஒருத்திக்கு இத்தனை பொறாமை வருகிறதே என்று உள்ளூர அவனுக்குச் சந்தோஷம்தான். அவர்களுடைய பிள்ளைகள் இருவரும் கீழே டவுனில் விடுதியில் தங்கிப் படித்தார்கள், வீட்டில் இவர்கள் இருவர் மட்டுமே.

கயிறு பிடிப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். மேலோடையில் தேனெடுக்க இறங்குகிறவனுக்கு அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும். தன்னுடைய கூடப்பிறந்தவன் பிடிக்கக் கூடாது. பிடிப்பது கிடக்கட்டும், அன்றைக்கு அவன் பாறைப் பக்கமே வரக் கூடாது. தம்பி தங்கமானவனாகவே இருக்கலாம், ஆனாலும் அண்ணன் போனால் அண்ணன் காடுகழனி தம்பிக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அந்தக் கணக்கு அவனுக்கே தெரியாமல் அவன் கைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று பயந்தார்கள். மச்சானுக்கு அந்தக் கணக்குக் கிடையாது. தங்கச்சி தாலியறுத்து நிற்பதில் எந்த அண்ணனுக்கு என்ன லாபம்? ஆகவே காட்டுக்கொடிகளை முறுக்கிச் செய்த கொடிக்கயிற்றை வேங்கை மரத்தில் சுற்றி, மறுநுனியைப் பிடித்துக்கொண்டு மச்சான் உட்காருவான். எடையைத் தாங்குவது மரம். கயிறு ஆடாமல், பாறையின் கூரில் உரசாமல், கீழே இருப்பவனின் இழுப்பை அறிந்து விட்டும் பிடித்தும் கொடுப்பது மச்சானின் வேலை. வெள்ளிங்கிரிக்கு அவன் கல்யாணமான நாளிலிருந்து நஞ்சம்மாளின் அண்ணன் காரமடையான் பிடித்து வந்தான். வெள்ளிங்கிரிக்கு மருதாசலம் என்று ஒரு தம்பி இருந்தான். தேனெடுக்கிற நாளில் அவன் தன் வீட்டுக் கதவைத் திறந்ததே இல்லை.

இறங்குகிறவனின் பெண்டாட்டிக்கும் விதி உண்டு. அன்றைக்கு அவள் வாசலைத் தாண்டக் கூடாது, தலை வாரக் கூடாது, அடுப்பை அணைய விடக் கூடாது, யாரோடும் சண்டை போடக் கூடாது. நஞ்சம்மாளுக்குக் கடைசி விதிதான் கஷ்டம். அன்றும் அவள் வாயைக் கட்டிக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தபோது வெள்ளிங்கிரி வாசலில் வந்து நின்றான், அவனுக்கு முன்னால் அவன் தோளில் இருந்த பூ உள்ளே எட்டிப் பார்த்தது.

"அது என்னுங்க தோள்ல?"

"விளிம்பி."

"பறிச்சுட்டு வந்தீங்களா?"

"பறிக்கலெ. கை சலிச்சுப் போச்சுன்னு சித்தெ நேரம் பாறைமேல தோளைச் சாச்சேன். அதுவா வந்துருச்சு."

"அதுவா வந்துருச்சா" என்றாள் நஞ்சம்மாள். வீட்டுக்கு இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிற ஆண்கள் எல்லோரும் இதே வார்த்தையைத்தான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் சண்டை போடக் கூடாத நாள் ஆயிற்றே, சோற்றைப் போட்டாள்.

ஊருக்கு அந்தப் பூ பழகிப் போக அதிக காலம் பிடிக்கவில்லை. தையல்காரர் வெள்ளிங்கிரியின் சட்டைகளை வாங்கி இடது தோளை மட்டும் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தார். அது பார்க்க நன்றாக இருக்கிறது என்று இளவட்டங்களும் ஒற்றைத் தோள் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள், மாப்பிள்ளை ஒருவன் கல்யாணத்துக்கே அப்படி வந்து நின்றான். பஸ்ஸில் கண்டக்டர் வெள்ளிங்கிரிக்கென்று ஜன்னலோர இருக்கையைக் காலியாக வைத்தார், பூவுக்குக் காற்று வேண்டும் என்று. கோயில் பூசாரிக்கு மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. பூ என்றால் சாமிக்கு, ஆனால் இந்தப் பூ வேரோடு ஓர் ஆளின்மேல் இருக்கிறது, ஆளைச் சாமிக்குச் சாத்த முடியாது. கடைசியில் பூஜை நேரத்தில் வெள்ளிங்கிரி சன்னதிக்கு இடப்பக்கம் வந்து நின்றுவிட்டுப் போனால் போதும் என்று தீர்மானித்தார். தேனீக்கள் அவன் பின்னால் வந்தன, யாரையும் கொட்டவில்லை. டீக்கடை வாசலில் அவன் உட்கார்ந்தால் அவை கூரையில் காத்திருந்தன, எழுந்தால் எழுந்தன.

அந்தப் பூவின் வாசனைதான் ஊரைப் பைத்தியமாக்கியது. டீக்கடைக்காரருக்கு அது முதல் கொதியில் பொங்குகிற பாலின் வாசனையாக வந்தது, பள்ளிக்கூட டீச்சருக்குப் புதுப் புத்தகத்தின் வாசனையாக, பூசாரிக்குக் கற்பூரமாக, மகன் கேரளாவுக்குப் போய்த் திரும்பாத ஒரு தாய்க்கு அவனுடைய சின்ன வயசுத் தலை மயிரின் வாசனையாக. அவரவருக்கு எது வேண்டுமோ அது வந்தது. ஆகவே ஆள்மாற்றி ஆள், காலையில் பல் விளக்கிய கையோடும் பொழுதோடு மாட்டைக் கட்டிய கையோடும் வெள்ளிங்கிரி வீட்டு வாசலுக்கு வந்து, "ஏனுங் வெள்ளிங்கிரி, கொஞ்சம் தோளைக் குடுங்க" என்று கேட்டு, மூக்கை வைத்து, கண்ணை மூடி நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். கல்லூரியிலிருந்து செடிகளைப் பற்றிப் படிக்கிற ஒரு பெண் வந்தாள், தோளுக்கு நேராகப் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, மூச்சை மெதுவா விடுங்க" என்று சொல்லிச் சொல்லி ஒரு பகல் முழுக்கப் பார்த்தாள். அண்ணா என்று கூப்பிட்டதில் நஞ்சம்மாளுக்கு அரை வயிறு ஆறியது. ஆனால் அவளும் போகும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு வெறும் மூக்கை வைத்து, "எங்க ஊர்க் குளம்" என்று தனக்குத்தானே சொன்னபோது, அந்த அரை வயிறும் மறுபடி எரியத் தொடங்கியது.

நஞ்சம்மாளுக்கு மட்டும் அந்தப் பூவில் வாசனையே இல்லை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது, "உனக்கென்ன, எந்நேரமும் பக்கத்துலயே வெச்சிருக்கறெ, எப்படி மணக்குது உனக்கு?" என்று கேட்டால், "நல்லாத்தான் மணக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள். வெள்ளிங்கிரி அசந்திருக்கும்போது கிட்டப் போய் மோந்து பார்த்தாள். தண்ணீரை மோந்தது போல இருந்தது. ஊருக்கெல்லாம் கொடுக்கிறது, எனக்கு மட்டும் கையை மூடிக்கொள்கிறது என்று அவள் கறுவினாள். அவளுக்கு வேண்டியது வெள்ளிங்கிரி ஒருவன்தான், அவன்மேலேயே உட்கார்ந்துகொண்டு அவன் வாசனையை எப்படி அவளுக்குக் காட்ட முடியும் என்று அந்தப் பூவுக்காகப் பரிந்து பேச அங்கே யாரும் இல்லை.

படுக்கையில்தான் அவளுக்கு அதிகம் வலித்தது. அவர்கள் வீட்டில் சுவரோரம் நஞ்சம்மாள் படுப்பாள், அவளுக்கு வலப்பக்கம் வெள்ளிங்கிரி, இடக்கையைத் தலைக்கு வைத்து அவள் பக்கம் திரும்பிப் படுப்பான், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இப்போது இடது தோளைக் கீழே கொடுக்க முடியாது, பூ நசுங்கும். வலப்பக்கம் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்தான். முதுகுக்கு மேலே விளிம்பி நிமிர்ந்து நின்று அவளைப் பார்த்தது. இடத்தை மாற்றிப் படுக்கலாமே என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவனாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள், அவனுக்கு அது தோன்றவில்லை. காலையில் டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் முதல் மடக்கைத் தோளில் ஊற்றினான். வெயில் நேரத்தில் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்தான். பாதையில் நடக்கும்போது பூவோடு பேசுவது போல அவன் உதடு அசைந்தது. பேட்டரியைக் கழற்றலாம், பசுவை விற்கலாம், புருஷனின் தோளை என்ன செய்வது?

ஒரு மத்தியானம் அவன் கண்ணயர்ந்திருந்தபோது அவள் காம்பின் அடியில் இரண்டு விரலைக் கொடுத்து இழுத்துப் பார்த்தாள். காம்பு வரவில்லை, தோல்தான் கூடவே எழுந்து வந்தது, அவன் விழித்துக்கொண்டு, "எறும்பு கடிச்சாப்பல இருந்துது" என்றான். அவள் தோளைத் தட்டிவிடுவது போலத் தட்டிவிட்டாள். அன்று பொழுதோடு கோயிலடியில் பூசாரி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்: "அது மனுஷங் கையில வராது. பாறை குடுத்ததைப் பாறைதான் வாங்கிக்கும்." அவர் வேறு எதையோ நினைத்துச் சொன்னார். நஞ்சம்மாள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறு சித்திரை வந்தது. கருந்தலைப் பாறையில் அடைகள் நிரம்பின. காரமடையான் தன் வீட்டுப் பின்னால் கொடிக்கயிற்றைத் தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டு, முறுக்கு விட்ட இடங்களை இறுக்கிக்கொண்டிருந்தபோது தங்கச்சி வந்து எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, நாளைக்குக் கயித்தைச் சித்தெ ஆட்டிவுடு."

காரமடையான் அவள் முகத்தைப் பார்த்தான், விளையாட்டில்லை என்று தெரிந்தது. "என்ன பேசற நீ?"

"பாறை பொடச்சுக்கிட்டு இருக்குமில்ல, அந்த எடத்துல ஒரே ஒரு ஆட்டு. எடதுதோளு ஒரசினாப் போதும். ஆளுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆளுக்கு ஆகாதுன்னு நீ கண்டயா? அம்மிணி, நாங் கயித்துல புடிக்கறது மாப்ளெ உசுரை. அதுல கை வெக்கச் சொல்றயே, நம்ம அப்பன் ஆத்தா கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"நீ எதுக்குக் கயிறு புடிக்கறெ?" என்று அவள் கேட்டாள். "மச்சான்ங்கறதுக்காகவா? எனக்கோசரந்தான புடிக்கறெ? எந் தாலிக்காகத்தான ஊரு உன்னைய நம்புது? அந்தத் தாலி எங் கழுத்துல சும்மா தொங்குதுண்ணா. அவரு ஒரு வருசமா எம் பக்கம் மூஞ்சியத் திருப்பிப் படுக்கலெ. நானே வந்து கேக்கறேன், எனக்கோசரம் ஆட்டிவுடு." சொல்லிவிட்டு அவள் அழுதாள், கோபத்தில் அழுகிறவள் அல்ல அவள், உண்மையாகவே அழுதாள். காரமடையானுக்கு அவள் ஒரே தங்கச்சி. கயிறு பிடிப்பவன் தங்கச்சிக்காகப் பிடிக்கிறான் என்றால், தங்கச்சி விடச் சொன்னால் விட வேண்டாமா என்று அவன் குழம்பிப் போனான். அந்த ஊரின் விதியில் இப்படி ஓர் ஓட்டை இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதுவரை யாரும் நஞ்சம்மாளைப் போலப் பொறாமைப்பட்டதில்லை.

தேனெடுக்கும் நாளில் அவள் தலை வாராமல், அடுப்பை அணைய விடாமல், வாசலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். விதியில் இருந்த எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். ஏதோ ஒரு நேரத்தில் ஊரில் இருந்த தேனீக்கள் அத்தனையும் ஒன்றாக எழுந்து பாறைப் பக்கம் போயின. அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பு அப்போதுதான், எல்லாம் முடிந்த பிறகு, அவளுக்கு வந்தது. பிறகு அவன் வந்தான். நடந்துதான் வந்தான். இடது தோளில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழண்டு ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, பூ இல்லை.

"என்னுங்க ஆச்சு?"

"பாறை கேட்டுது, குடுத்துட்டேன்" என்றான். அவள் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசினாள். பூசும்போது உள்ளே எங்கோ ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷத்தை அவள் ஒளித்து வைத்துக்கொண்டாள்.

ஊர் துக்கம் கொண்டாடியது. டீக்கடை அன்று திறக்கவில்லை. பெண்கள் பாறையின் அடிவாரத்தில் புதர் புதராகத் தேடினார்கள். ஓர் இதழ்கூட அகப்படவில்லை. கண்டக்டர் அந்த ஜன்னலோர இருக்கையில் சில நாள் யாரையும் உட்கார விடாமல் பார்த்துக்கொண்டார், பிறகு கூட்டம் அதிகமான ஒரு சந்தை நாளில் அதுவும் போயிற்று. தையல்காரர் சட்டைகளுக்குத் தோள் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். இளவட்டங்களில் சிலர் மட்டும் பிடிவாதமாக ஒற்றைத் தோளைத் திறந்துபோட்டுக்கொண்டு, எங்காவது வெறும் பாறையைக் கண்டால் சாய்ந்து சாய்ந்து பார்த்தார்கள்.

வெள்ளிங்கிரி மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். நஞ்சம்மாள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவன் கண் அவளைத் தாண்டிச் சுவரில் நின்றது. முன்பு நஞ்சி என்று கூப்பிடுவான், இப்போது இந்தா என்றான். சோறு போட்டால் சாப்பிட்டான், கேட்டால் பதில் சொன்னான், அவள் வேண்டுமென்றே பஞ்சாயத்து டேங்க் அடியில் ஒருத்தியோடு சண்டை இழுத்து, "உன்னைப் பாத்துத்தான் எம் புருசன் சிரிச்சாரு" என்று அநியாயமாகப் பழி போட்டபோதுகூட அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. காரமடையான் அந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். வழியில் மாப்பிள்ளையைக் கண்டால் காட்டுக்குள் இறங்கிச் சுற்றிப் போனான்.

அடுத்த சித்திரையில், ஊர் கூடித் தேனெடுக்கும் நாளைக் குறிக்கிறபோது, பூசாரி வழக்கம்போல ஒவ்வொருவனாக யாருக்கு யார் கயிறு என்று கேட்டுக்கொண்டு வந்தார். கேட்பது சும்மா ஒரு சடங்கு, பதில் எல்லோருக்கும் தெரியும்.

"வெள்ளிங்கிரிக்குக் கயிறு?"

"எந் தம்பி மருதாசலம்" என்றான் வெள்ளிங்கிரி.

கூட்டத்தில் இருமிக்கொண்டிருந்தவர் இருமலை நிறுத்தினார். மேலோடையில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை அது. என் சாவில் லாபம் இருக்கிறவனை நம்புகிறேன், நான் தாலி கட்டியவளின் அண்ணனை நம்பவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் ஒருத்தியை ஊர் நடுவில் நிறுத்திவைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. மருதாசலம் மூஞ்சி வெளுத்து, "நானெப்படிண்ணா" என்று முனகினான். காரமடையான் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் நஞ்சம்மாள் நின்றிருந்தாள். அவளைச் சுற்றி நின்றவர்கள் மெதுவாக விலகி இடம் விட்டார்கள்.

அன்று அவள் அண்ணனிடம் போனாள். "நாந்தான் செஞ்சேன்னு சொல்லிப்போடறேன் அம்மிணி" என்றான் அவன். "ஊரு என்னையக் காறித் துப்பட்டும். உம் பேரு வெளிய வராது."

"நீ ஒண்ணும் சொல்லாதெ" என்றாள் அவள். "ஆட்டுனது உங் கை, ஆட்டுனவ நானு."

தேனெடுக்கிற நாளில் வெள்ளிங்கிரி வேங்கை மரத்தடியில் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தபோது பாதையில் நஞ்சம்மாள் ஏறி வருவதைக் கண்டு எல்லோரும் எழுந்து நின்றார்கள். இறங்குகிறவனின் பெண்டாட்டி வாசலைத் தாண்டிவிட்டாள். தலையை வாரி முடிந்திருந்தாள். அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு வந்திருந்தாள். மிச்சமிருந்தது சண்டை ஒன்றுதான். பூசாரி, "போம்மா, கீழ போ, கெட்ட காரியம்" என்று கையை நீட்டித் தடுத்தார், அவள் அவரைச் சுற்றிக்கொண்டு வந்து புருஷன் முன்னால் நின்றாள்.

"கயித்தை ஆட்டச் சொன்னது நானு" என்றாள், ஊருக்கே கேட்கும்படி. "எங்கண்ணன் மாட்டேன்னுதான் சொன்னான். அழுது செய்ய வெச்சேன். எனக்கு அந்தப் பூவைப் புடிக்கலெ. இப்பவும் புடிக்கலெ."

"தெரியும்" என்றான் வெள்ளிங்கிரி.

"எப்படித் தெரியும்?"

"உங்கண்ணன் கையை எனக்குத் தெரியாதா? அது தானா ஆடாது. ஆடுறப்பவே கயித்துல உம் மூஞ்சி தெரிஞ்சுது." அவன் குரல் உயரவில்லை. "புடிக்கலைன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே பாறைமேல சாஞ்சு குடுத்திருப்பேன். நீ கயித்துக்கிட்டச் சொன்னெ."

நஞ்சம்மாள் மருதாசலம் கையில் இருந்த கயிற்று நுனியைப் பார்த்தாள். மருதாசலம் அதைப் பாம்பு போலத் தள்ளிப் பிடித்திருந்தான், இரவெல்லாம் அழுதவன் போல இருந்தான்.

"எங்கிட்டக் குடுங்க" என்றாள்.

கூட்டம் கூச்சல் போட்டது. பொம்பளையா, இவளா, ஏற்கனவே ஒரு தடவை பண்ணினவளா என்று ஆளுக்கொன்றாகக் கத்தினார்கள். வெள்ளிங்கிரி அவளை நிமிர்ந்து பார்த்தான். சுவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். தம்பி கையில் இருந்த நுனியை வாங்கி அவள் கையில் வைத்துவிட்டு, டின்னையும் புகைப் பந்தத்தையும் எடுத்துக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்து இறங்கிவிட்டான். அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை, கத்தினால் கை பதறும் என்று எல்லோருக்கும் பயம். காரமடையான் தள்ளி நின்று, "விடு... சித்தெ விடு... புடி" என்று மட்டும் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கயிறு போயிற்று, போயிற்று, நின்றது. கையில் இன்னும் கயிறு மிச்சமிருந்தது, அடைகள் இன்னும் கொஞ்சம் கீழே, இது அடை இருக்கிற இடமில்லை என்று அவளுக்கே தெரிந்தது. விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார், "பூத்திருக்குது. அதே எடத்துல மறுக்காவும் பூத்திருக்குது."

"என்ன பண்றாரு?" என்றாள் நஞ்சம்மாள்.

"ஒண்ணும் பண்ணலீங்க. பாத்துக்கிட்டிருக்காரு."

கீழிருந்து காற்று ஏறி வந்தது. விளிம்பில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள். டீக்கடைக்காரர் பால் என்றார், மகன் திரும்பாத அந்தத் தாய் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். நஞ்சம்மாளுக்குக் கொடிக்கயிற்றின் ஈர நாற்றம் மட்டும் வந்தது. அவன் அங்கேயே இருந்தான். கயிறு யார் கையில் இருக்கிறது என்று தெரிந்தே இருந்தான். அவளுக்குப் பொறாமை வந்தது. திருந்திவிட்டாள், மனசு கழுவிவிட்டாள் என்றெல்லாம் சொன்னால் அது பொய். டிரான்சிஸ்டருக்கும் பசுவுக்கும் தோளுக்கும் வந்ததையெல்லாம் சேர்த்து வைத்தது போல அப்படி ஒரு பொறாமை, அடிவயிற்றில் கிளம்பி, மார்பில் ஏறி, தோள் வழியாக இரண்டு கைக்கும் இறங்கி வந்தது. ஒரு சின்ன ஆட்டு, அவ்வளவுதான், கை அதற்குத் தயாராக இருந்தது. அவள் அந்தக் கையைக் கயிற்றோடு சேர்த்து வயிற்றில் அழுத்திக்கொண்டு, காலை வேங்கை மரத்தின் வேரில் உதைத்து, பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கைத் தோல் வழண்டது. வெயில் மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. அவள் கை ஆடவில்லை.

பிறகு கயிறு மறுபடி இறங்கியது, புகை எழுந்தது, தேனீக்கள் இரைந்தன, கடைசியில் மேலே வருகிறேன் என்று இழுப்பு வந்தது. வெள்ளிங்கிரி விளிம்பில் கையூன்றி ஏறி வந்தான். டின் நிறைந்திருந்தது. இடது தோளில் பழைய வடுவின்மேல் கொஞ்சம் மஞ்சள் மகரந்தம் ஒட்டியிருந்தது, வேறொன்றும் இல்லை. அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. நேராக அவளிடம் வந்து, ஒட்டிக்கொண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றை எடுத்தான்.

"நஞ்சி" என்றான். "கயிறு ஆடவேயில்லெ."

அவள் அவன் தோளில் இருந்த மஞ்சளைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அத்தனை நேரம் அங்க என்னுங்க பேச்சு?" என்று கேட்டாள்.

வெள்ளிங்கிரி டின்னைக் கீழே வைத்துவிட்டு, பூ போன நாளிலிருந்து சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தான். காரமடையான் சிரித்தான், பூசாரி சிரித்தார், பாறையே சிரித்தது போல எதிரொலி வந்தது. நஞ்சம்மாள் சிரிக்கவில்லை. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.